பனிமலையில் ஒரு வெந்நீர்க் கிராமம்

தமிழர்களாகிய நாம் 'பனி' என்ற சொல்லை ரொம்பச் சிக்கனமாக வைத்துக் கொண்டிருக்கிறோம். மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான். கோலம் போட வாசலுக்கு வரும்போது மூக்கை அடைக்கிற குளிரும் பனிதான். இமயமலை உச்சியில் பாறை பாறையாக உறைந்து கிடப்பதும் பனிதான். "பனியில் நிக்காதேடி, தலையிலே துணியைப் போட்டுக்கோ" என்று பாட்டி அதட்டுவதோடு நம்மில் பெரும்பாலோருடைய பனி அனுபவம் முடிந்து போகிறது.

ஆனால், வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்கி, கூரையை அமுக்கி, ஜன்னலை மூடி, வாசற்படியையே காணாமல் அடிக்கிற பனி இருக்கிறதே, அது வேறு ஜாதி! அந்தப் பனியோடு குடித்தனம் நடத்துகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை.

2025 பிப்ரவரியில் அது நிறைவேறியது. ஜப்பானுக்குப் புறப்படும்போது எங்கள் ஆசிரியர் சொல்லியனுப்பினார்: "பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றி எழுதத்தான் எல்லோரும் இருக்கிறார்கள். அங்கே வீடு நடத்துகிற பெண்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்."

டோக்கியோவில் என் சித்தி மகள் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாய் பகுதியில் ஜாகை. ஜப்பானிய மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அக்கா, நாலு நாள் லீவு போட்டுட்டேன். நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டாள். இனி எனக்கு என்ன கவலை?

சுரங்கத்துக்கு அப்புறம்...

நாங்கள் போன ஊர் நொசாவா ஒன்சென். 'ஒன்சென்' என்றால் வெந்நீர் ஊற்று. நாகானோ மாகாணத்தின் வடகோடியில், மலைச்சரிவில் ஒட்டிக் கொண்டிருக்கும் சிறு கிராமம். ஜனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம்.

முன்பெல்லாம் அங்கே போவது கொஞ்சம் பாடுதான். 1997-ல், மறு வருஷம் நடக்கவிருந்த குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டு, ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் நாகானோ நகரம் வரை வந்தது. 2015 மார்ச்சில் அதைக் கனசாவா வரை நீட்டினார்கள். வழியிலுள்ள ஈயாமா என்ற சிற்றூருக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. இப்போது டோக்கியோவில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணியில் ஈயாமா. அங்கிருந்து பஸ்ஸில் 25 நிமிஷம். அவ்வளவுதான்.

டோக்கியோவில் வெயில் பளிச்சென்று அடித்தது. வானம் துடைத்து வைத்த நீலம். 'பனியாவது ஒன்றாவது!' என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தகசாகி தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளியே வந்தது, மறுபடியும் நுழைந்தது. ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் யாரோ வெள்ளைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாக்கி வைத்தது போலிருந்தது. முதலில் வயல் வரப்பில் ஒரு கோடு. அப்புறம் கூரைகளில் ஒரு பூச்சு. நாகானோவைத் தாண்டியதும் வயல், வரப்பு, கூரை எல்லாம் ஒன்றுதான். ஈயாமாவில் இறங்கியபோது சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளைச் சுவர்!

"என்னடி இது, ஒரே நாட்டில் இங்கே இப்படி, அங்கே அப்படி?" என்று கேட்டேன்.

காரணம் சுவாரசியமானது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று கிளம்பி வருகிறது. ஜப்பானுக்கும் ஆசியக் கண்டத்துக்கும் நடுவே கிடக்கும் கடலில் தெற்கேயிருந்து ஒரு வெப்ப நீரோட்டம் பாய்வதால், அந்தக் கடல் காற்றைவிட வெகு வெதுவெதுப்பாக இருக்கிறது. போகிற போக்கில் காற்று ஈரத்தை உறிஞ்சிக் கொள்கிறது. ஜப்பான் கரையை எட்டியதும் எதிரே மலை. ஏற வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் சுமந்து வந்த ஈரமெல்லாம் பனியாகக் கொட்டும். மேற்குச் சரிவில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு காற்று டோக்கியோ பக்கம் போகிறது. அதனால்தான் அங்கே வெயில், இங்கே வெள்ளை.

இன்னொரு விந்தையையும் சொல்கிறேன். நம் உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகம். நொசாவா கிராமமோ 600 மீட்டர்கூட இல்லை! அந்த உயரத்திலேயே குளிர்காலமெல்லாம் பனிக்குள் புதைந்து கிடக்கிறது.

ஒகாமி-சானின் சமையலறை

நாங்கள் தங்கியது பெரிய ஹோட்டலில் அல்ல. ஒரு குடும்பமே தங்கள் வீட்டில் ஏழெட்டு அறைகளை ஒதுக்கி நடத்தும் விடுதி. 'மின்ஷுகு' என்கிறார்கள். விடுதியின் எஜமானியை 'ஒகாமி-சான்' என்று மரியாதையாக அழைக்க வேண்டும். எங்கள் ஒகாமி-சானுக்கு 68 வயது. ஒல்லியான உடம்பு, கன்னத்தில் ஆப்பிள் சிவப்பு, நடையில் ஓட்டம்.

வாசலில் செருப்பை விட்டு, உள்ளே கூடத்துக்குப் போனால், நடுவில் ஒரு குட்டை மேஜை. அதன் மேல் மெத்தை போன்ற போர்வை தொங்குகிறது. அதற்குள் காலை நீட்டினால் மின்சாரக் கணப்பு! 'கொதாத்சு' என்று பெயர். காலை உள்ளே விட்டேனோ இல்லையோ, எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் நடுக்கம். நான் சைவம். ஜப்பானில் 'இதில் மாமிசம் இல்லை' என்று கொடுக்கும் சூப்பில்கூடப் பெரும்பாலும் 'தாஷி' என்ற சாறு சேர்ந்திருக்கும். அது காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. நமக்கு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் போல, அவர்கள் சமையலுக்கு அது அஸ்திவாரம். அதை விட்டுவிடச் சொல்வது சாமானிய விஷயமா?

ஆனால் என் தங்கை முன்கூட்டியே டெலிபோனில் சொல்லி வைத்திருந்தாள். ஒகாமி-சான் அன்றிரவு ஒரு கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்தார். கொம்பு என்ற கடற்பாசியையும் உலர்ந்த ஷீதாகே காளானையும் ஊற வைத்து எடுத்த சாறாம். "கோவில் துறவிகள் இப்படித்தான் சமைக்கிறார்கள். என் மாமியார் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பார்" என்றார்.

மாமியாரைப் புகழும் மருமகள்! பனியைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

கூரை போட்டு நில்லுங்கள்!

மறுநாள் காலை சறுக்கு மைதானத்துக்குப் போனோம். கிராமத்திலிருந்து மேலே ஏற, கூரை போட்ட நகரும் நடைபாதை இருக்கிறது. அதில் நின்றால் போதும். அதுவே கொண்டுபோய்விடுகிறது. மேலே போனால், கெனாஷி மலை 1,650 மீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. உச்சியில் மரங்களெல்லாம் பனி அப்பிக் கொண்டு, முக்காடு போட்ட கிழவிகள் மாதிரி கூட்டம் கூட்டமாக நின்றன.

ஜப்பானியருக்கு முறையாக இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் லெர்ஹ் என்ற ஆஸ்திரிய ராணுவ மேஜர். 1911 ஜனவரியில், பக்கத்து நீகாத்தா மாகாணத்தில் தகடா என்ற ஊரில், ஜப்பானியப் படையினருக்கு அவர் கற்றுக் கொடுத்தார். மலை தாண்டி அந்தப் பழக்கம் நொசாவாவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1923-ல் கிராமத்து இளைஞர்களே ஒரு ஸ்கீ சங்கம் ஆரம்பித்தார்கள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பயத்லான் என்ற போட்டி, அதாவது பனியில் ஓடிக்கொண்டே நடுநடுவே துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடும் போட்டி, இங்கேதான் நடந்தது. 1992-லும் 1994-லும் நார்டிக் கம்பைண்ட் குழுப் போட்டியில் ஜப்பானுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்களில் ஒருவரான தகனோரி கோனோ இந்த ஊர்ப் பிள்ளை.

அப்பேர்ப்பட்ட பூமியில் நானும் கால் வைத்தேன். கால் எங்கே வைத்தேன்? ஒவ்வொரு காலிலும் இரும்புக் குண்டு மாதிரி ஒரு பூட்ஸ். அதன் அடியில் ஆளைவிடச் சற்றே குட்டையான ஒரு பலகை. வாத்தியாரம்மாள் சின்னப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். "முன்பக்கம் சேர்த்து, பின்பக்கம் அகட்டி, ஜப்பானிய எழுத்து 'ஹ' மாதிரி நில்லுங்கள். வேகம் குறையும்" என்றாள். எனக்கு அந்த எழுத்து தெரியாதே! தங்கை மொழிபெயர்த்தாள்: "ஓட்டுக் கூரை மாதிரிக்கா! கூரை போட்டு நில்லுங்க!"

கூரை போட்டேன். கூரை சரிந்தது. மறுபடி போட்டேன். எனக்குப் பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, இடுப்பில் கைவைத்து என்னைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, விர்ரென்று இறங்கிப் போனாள். பதினோராவது தடவை விழாமல் முப்பதடி போனேன். அந்த முப்பதடியில் எனக்கு வந்த கர்வத்தை எடை போட்டால் கெனாஷி மலை தோற்றுவிடும்!

மாமாசான்

விளையாட்டுக்கு இது போதும். ஆசிரியர் கேட்டது வேறு அல்லவா?

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு 'சரக், சரக்' என்ற சத்தம் கேட்டு எழுந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், ஒகாமி-சான்! இரவில் முழங்காலளவு பெய்திருந்தது. சாய்வு நாற்காலி அளவுக்கு ஒரு பெரிய முறத்தை, இரண்டு கைப்பிடியைப் பற்றித் தள்ளி, பனியை வாரி ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கொண்டிருந்தார். வாசலில் கோலம் போடும் நேரத்தில் அவருக்கு இந்த வேலை.

அந்த முறத்தின் பெயரைக் கேட்டுச் சிரித்தே விட்டேன். 'மாமாசான் டம்ப்'! நம் ஊர் மாமா அல்ல. ஜப்பானியக் குழந்தைகள் அம்மாவை 'மாமா' என்கிறார்கள். ஒரு தாயார்கூட லாரி மாதிரி பனியை அள்ளிவிடலாம் என்ற அர்த்தத்தில் வந்த பெயர். பனிநாட்டில் இது இல்லாத வீடே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் யோசித்தேன். ஒரு கருவிக்கு அம்மாவின் பெயர் வந்ததென்றால், வேலை யார் தலையில் விழுந்திருக்கிறது என்று தெரியவில்லையா?

பனி பார்க்கத்தான் பஞ்சு. புதிதாக விழுந்தது லேசு. நாள்பட்டு இறுகினால் ஒரு கன மீட்டர் 300 கிலோவுக்கு மேல் போகும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இறுகிக் கிடந்தால் 30 டன். ஏழெட்டு யானைகளைக் கூரை மேல் ஏற்றி நிறுத்தியது போல! இறக்காமல் விட்டால் உத்தரம் முறியும். ஆகவே குளிர்காலத்தில் பல தடவை கூரை மேல் ஏறி வாரித் தள்ள வேண்டும். இதில் ஆபத்தும் இருக்கிறது. பனி அள்ளும்போது கூரையிலிருந்து விழுந்தும், சரிந்த பனிக்குள் புதைந்தும், ஜப்பானில் குளிர்காலந்தோறும் பல பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். கூரையும் கிழவர்களும் கிராமத்தில்.

அன்று காலை கொதாத்சுவுக்குள் காலை நீட்டிக்கொண்டு ஒகாமி-சானிடம் பழங்கதை கேட்டேன்.

"நான் சிறுமியாக இருந்தபோது என் பிறந்த ஊரில் குளிர்காலம் வந்தால் ஆண்களே இருக்க மாட்டார்கள். வயலில் வேலை கிடையாதே! அப்பா டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார். வசந்தத்தில்தான் திரும்புவார். அம்மாவும் பாட்டியும்தான் கூரை மேல் ஏறுவார்கள்" என்றார்.

அவர் பிறந்தது இங்கிருந்து இரண்டு பள்ளத்தாக்கு தாண்டி. பனிநாட்டின் பல கிராமங்களுக்கும் இதுதான் சரித்திரம். குளிர்காலத்தில் பிழைப்புத் தேடி வெளியூர் போவதற்கு 'தெகசேகி' என்று பெயர்.

"கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். டிசம்பர் வந்தது. என் புருஷன் எங்கும் போகவில்லை! சறுக்கு மைதானத்தில் அவருக்கு வேலை இருந்தது. விடுதியில் எனக்கு வேலை இருந்தது. பனி விழுந்தால்தான் பணம். என் அம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவள் நம்பவே இல்லை. பனியைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்களா என்று கேட்டாள்."

வாசகிகளே, இந்த இடத்தில்தான் எனக்கு ஸ்கீ என்றால் என்ன என்று புரிந்தது. நமக்கு அது விளையாட்டு. இந்த ஊருக்கு அது, குளிர்காலத்தில் குடும்பம் பிரியாமல் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கிடைத்த வழி.

பதின்மூன்று பொதுக் குளியல்

கூரை வேலை முடிந்ததும் உடம்பு வலிக்குமே, அதற்கு மருந்து? ஊர் முழுக்க மருந்துதான். தெருவோரச் சாக்கடைகளிலெல்லாம் ஆவி பறக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் கியோகி என்ற துறவி இந்த ஊற்றைக் கண்டார் என்று ஒரு கதை. காயம்பட்ட கரடியைப் பின்தொடர்ந்த வேடன் கண்டான் என்று இன்னொரு கதை. கரடிக் கதைக்குச் சாட்சியாக 'கரடி கை கழுவிய குளியல்' என்று ஓர் இடமே இருக்கிறது.

ஊரில் மொத்தம் 13 பொதுக் குளியல் வீடுகள். டிக்கெட் கிடையாது, காவற்காரர் கிடையாது. வாசலில் ஒரு பெட்டி. மனமிருந்தால் நாணயம் போடலாம். வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரர், யாரும் போகலாம். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி.

அரசாங்கம் நடத்துகிறதோ என்று நினைத்தேன். இல்லை. 'யூ-நகமா' என்ற கூட்டம் ஒவ்வொரு குளியல் வீட்டுக்கும் உண்டு. 'வெந்நீர்க் கூட்டாளிகள்' என்று சொல்லலாம். சுற்றுப்புறத்துக் குடும்பங்கள் சேர்ந்து, செலவைப் பங்கிட்டு, முறை வைத்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். எடோ காலத்திலிருந்து, அதாவது டோக்கியோவுக்கே எடோ என்று பெயர் வழங்கிய காலத்திலிருந்து, வருகிற ஏற்பாடு. ஊற்றுகளையும் மலைக்காட்டையும் கவனிப்பது 'நொசாவா-குமி' என்ற பழைய ஊர்ச்சபை. குளத்துக்குக் குடிமராமத்து என்று நாம் ஒரு காலத்தில் செய்து வந்தோமே, அதைப் போல!

இவற்றுள் பெரியது 'ஓ-யூ'. ஊர் நடுவில், மரத்தால் கட்டிய, கோவில் போன்ற கட்டடம். அங்கேதான் எனக்குச் சோதனை வந்தது. இந்த ஊர்க் குளியலில் துணி உடுத்தி இறங்கக் கூடாது. உள்ளாடை, நீச்சல் உடை, எதுவும் கூடாது.

நானாவது, நாலு பேர் நடுவிலாவது! வாசலிலேயே நின்றுவிட்டேன். குளிர் எலும்பைக் குடைகிறது. வெட்கமோ காலைப் பிடித்து இழுக்கிறது. உள்ளேயிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்னடி சொன்னாங்க?"

"'பயப்படாம வாம்மா. நாங்க எல்லாரும் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வைச்சாச்சு, ஒண்ணும் தெரியாது'ங்கிறாங்கக்கா!"

அதற்கப்புறம் என்ன வெட்கம்? முதலில் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து, வாளியில் நீர் மொண்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிக்கொள்ள வேண்டும். தலைமுடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது. பிறகுதான் இறங்கலாம். இரண்டு தொட்டிகள்: ஒன்று சூடு, ஒன்று அதிகச் சூடு. கந்தக வாசனை லேசாக வீசுகிறது. கால் வைத்தேன்; 'ஆ!' என்றேன். கிழவி என் தோளைப் பிடித்து அமுக்கி, "மெதுவாக, மெதுவாக" என்று கழுத்தளவு இறக்கிவிட்டாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீரில் குளிக்கும்போது அம்மா தலையில் கைவைத்து அழுத்துவாளே, அந்தக் கை!

ஓடு போன முதுகுகள், வளைந்த முழங்கால்கள், பிள்ளை பெற்ற வயிறுகள். எல்லாம் காலையில் பனி அள்ளிய உடம்புகள். யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒருத்தி மருமகளைப் பற்றிக் குறைப்பட்டுக் கொண்டாள். இன்னொருத்தி முழங்கால் ஆபரேஷனைப் பற்றி விவரித்தாள். மொழி தெரியாமலே எனக்குப் பாதி புரிந்தது.

கொதிக்கும் ஊற்றில் கீரை

ஓ-யூவிலிருந்து சிறிது மேலே போனால் 'ஓகாமா'. ஒரு கொப்பரை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏறக்குறைய 90 டிகிரிச் சூட்டில் தண்ணீர் கொப்பளிக்கிறது. ஊர்ப் பெண்கள் கீரையை, கிழங்கை, முட்டையைக் கூடையில் கொண்டு வந்து முக்கி வேக வைத்துப் போகிறார்கள். விறகு வேண்டாம், காஸ் வேண்டாம்! ஆபத்தான இடம் என்பதால் வெளியூர்க்காரர்கள் வேலிக்கு இப்பால் நின்று பார்க்க வேண்டியதுதான்.

இந்த ஊரின் இன்னொரு பெருமை 'நொசாவானா' என்ற கீரை. டர்னிப் ஜாதி, முழங்கைக்கு மேல் நீளமாக வளரும். பதினெட்டாம் நூற்றாண்டில் கியோட்டோ பக்கம் போன ஒரு பௌத்தத் துறவி கொண்டு வந்த விதை, மலைக் குளிரில் கிழங்கு சிறுத்து இலை பெருத்து இப்படி ஆனது என்று ஊரில் சொல்கிறார்கள். தாவர ஆராய்ச்சிக்காரர்கள் இந்தக் கதையை ஒப்புக் கொள்வதில்லை. ஆனால் ருசிக்கு ஆராய்ச்சி எதற்கு?

நவம்பரில், முதல் பனிக்கு முன்னால், கட்டுக் கட்டாகக் கீரையைக் குளியல் வீட்டு வெந்நீரில் அலசி, உப்புப் போட்டு, மேலே பாரம் ஏற்றி வைக்கிறார்கள். குளிர்காலம் பூராவும் அதுதான் தொட்டுக் கொள்ள. ஒவ்வொரு வீட்டு ஊறுகாய்க்கும் ஒரு ருசி. ஒகாமி-சானிடம் பக்குவம் கேட்டேன். "உப்பு எவ்வளவு?" "கைக்குத் தெரியும்." "எத்தனை நாள்?" "மூக்குக்குத் தெரியும்." உலகத்து மாமியார்களெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலும்!

நெருப்புத் திருவிழா

ஜனவரி 15-ந் தேதி இரவு இங்கே தோசோஜின் திருவிழா. வழித்துணைத் தெய்வம் அது. பீச் மரக் கட்டைகளை வெட்டி வந்து மாடி வீட்டு உயரத்துக்கு மேல் ஒரு மண்டபம் எழுப்புகிறார்கள். 42 வயது ஆண்கள் அதன் உச்சியில் ஏறி உட்கார, 25 வயது ஆண்கள் கீழே காவல் நிற்க, ஊரார் தீப்பந்தங்களோடு வந்து கொளுத்தப் பார்ப்பார்கள். 25-ம் 42-ம் ஆண்களுக்குக் கண்டம் உள்ள வயது என்று நம்பிக்கை. கடைசியில் சமாதானமாகி, மண்டபத்தை எரிய விடுகிறார்கள். தலைப்பிள்ளை பிறந்த வீட்டார் அலங்கார விளக்குக் கம்பம் செய்து கொண்டு வருவது உண்டு. 1993-ல் ஜப்பானிய அரசாங்கம் இதை நாட்டின் முக்கியமான நாட்டுப்புறச் செல்வமாக அறிவித்தது.

"வீரமெல்லாம் ஒரு ராத்திரிதான். அத்தனை பேருக்கும் சமையல் மூன்று நாள்" என்று ஒகாமி-சான் கண்ணைச் சிமிட்டினார்.

நாளைக்கு யார் அள்ளுவது?

கண் சிமிட்டினாலும் அவர் மனசில் ஒரு கவலை இருக்கிறது. 1990-களில் ஜப்பானியர் ஸ்கீ பைத்தியமாக இருந்தார்கள். வார இறுதியில் விடுதியில் கூடத்தில்கூடப் படுக்க வைத்தாராம். அப்புறம் பொருளாதாரம் சரிந்தது; பிள்ளைகள் குறைந்தார்கள். சறுக்க வருகிற ஜப்பானியர் அந்த நாளில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடத்தை ஆஸ்திரேலியர், ஐரோப்பியர், ஆசியர் என்று வெளிநாட்டார் நிரப்புகிறார்கள்.

ஒகாமி-சானுக்கு ஒரே பெண். நகோயாவில் வேலை, குடும்பம். திரும்பி வருவாளா? "வரச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டால் 'மாட்டேன்' என்று சொல்ல வேண்டியிருக்கும், பாவம்" என்றார்.

எதிர்ச் சந்தில் ஒரு விடுதி பூட்டிக் கிடந்தது. கிழவரும் கிழவியும் போன பிறகு கூரைப் பனியை அள்ள ஆளில்லை. ஒரு மூலை உட்கார்ந்துவிட்டது. அதற்கு அடுத்த வீட்டை ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி வாங்கியிருக்கிறார்கள். ஊராருக்கு முதலில் தயக்கமாம். வீட்டை வாங்கிவிடலாம்; வெந்நீரில் பங்கை எப்படி வாங்குவது? அது காசுக்கு வருவதில்லையே, தேய்த்துக் கழுவுகிறவனுக்குத்தானே பாத்தியம்?

நீங்கள் என்றாவது அந்தப் பக்கம் போனால் சில விஷயங்களை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். கூரை விளிம்பின் கீழ் நடக்காதீர்கள். பனி சொல்லிக்கொண்டு சரியாது. குளியல் வீட்டில் சூடு பொறுக்கவில்லை என்று குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தச் சூட்டுக்காகவே காத்திருக்கும் கிழவிகள் இருக்கிறார்கள். நாணயப் பெட்டியைத் தாண்டும்போது, பையில் கை போகட்டும். சைவமென்றால் நாலு நாள் முன்பே தகவல் சொல்லிவிடுங்கள்.

புறப்படுகிற நாள் காலையில் கடைசியாக ஒரு முழுக்குப் போடலாமென்று எங்கள் தெருக் குளியல் வீட்டுக்குப் போனோம். கதவில் 'சுத்தம் செய்கிறோம்' என்று பலகை தொங்கியது. உள்ளே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தோம். தொட்டி காலியாக இருந்தது. ஆறடி உயர ஆஸ்திரேலியர், பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, நீளக் கைப்பிடிப் பிரஷ்ஷால் கல் தளத்தைத் தேய்த்துக் கொண்டிருந்தார். அவர் மனைவி வாளி வாளியாக நீர் ஊற்றினாள். நடுவில், அன்று என் தோளை அமுக்கிய அதே கிழவி. இப்போது மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு கை. மற்றொரு கை மூலையைச் சுட்டிக் காட்டியது.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"'அங்கே இன்னும் வழுக்குது, நல்லாத் தேய்'ங்கிறாங்கக்கா."

அவர் "ஹை, ஹை" என்று தலையாட்டிவிட்டு, மூலைக்குப் போய், மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.